பி1 முதல் பி6 வரை: ஓர் எளிய படக்கோப்பின் பயணம்

பைத்தான் மொழியில் படங்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பில்லோ என்ற லைப்ரரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் 9.2.0 பதிப்பு 2022 ஜூலை 1 அன்று வெளிவந்தது. அதில் புதிதாகச் சேர்ந்தவற்றுள் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. பி1, பி2, பி3 என்ற மூன்று வகைப் படக்கோப்புகளை அந்த லைப்ரரி முதன்முறையாகப் படிக்கத் தொடங்கியது.

புதிய வடிவம் ஒன்று வந்தால் லைப்ரரிகள் அதற்கு இடம் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் பி1 பிறந்தது 1980-களில். நோட்பேடில் திறந்து கண்ணாலேயே படித்துவிடலாம். பொறுமை இருந்தால் கையாலேயே எழுதிவிடலாம். உலகத்தில் இதைவிட எளிய படக்கோப்பு இல்லை என்று பாடப்புத்தகங்களில் சொல்லப்படும் வடிவம். அதற்குக் கதவு திறக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதன் கூடப்பிறந்த பி4, பி5, பி6 ஆகியவற்றை இந்த லைப்ரரியின் முன்னோடி 1990-களிலிருந்தே படித்துவந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

இந்த வடிவத்தை உருவாக்கியவர் ஜெஃப் போஸ்கான்சர் என்ற அமெரிக்க நிரலாளர். ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை. அன்றைய மின்னஞ்சலில் இணைப்பு என்று ஒன்று கிடையாது. 1982-இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை 7 பிட் எழுத்துகளை மட்டுமே சுமக்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் வரிகள் உடையும், ஒட்டும்; வரிக்கடைசி இடைவெளிகள் காணாமல் போகும். படத்தின் பைட்டுகளை அப்படியே அனுப்பினால் மறுமுனையில் குப்பைதான் கிடைக்கும்.

போஸ்கான்சர் படத்தையே எழுத்தாக மாற்றினார். கருப்புப் புள்ளிக்கு 1, வெள்ளைக்கு 0. மேலே ஓர் அடையாளம், பிறகு அகலமும் உயரமும், பிறகு புள்ளிகள். அவ்வளவுதான். 'ட' என்ற நம் எழுத்தை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எழுதினால் கோப்பு முழுவதும் இப்படித்தான் இருக்கும்:

பி1
5 5
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 1 1 1 1

முதல் வரியில் உள்ள 'பி' உண்மையான கோப்பில் ரோமன் எழுத்தாக இருக்கும். மற்றதெல்லாம் இதேதான். இடையில் வரி உடைந்தாலும் பாதகமில்லை. இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டாலும் பாதகமில்லை. அகலம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டதால், எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் படம் வந்துவிடும். ஒரு வரி 70 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இதில் உண்டு. அஞ்சல் வழியின் குணத்தை அறிந்தவர் எழுதிய விதி அது.

1988-இல் போஸ்கான்சர் தன் கருவிகளைத் தொகுத்து பிபிஎம்பிளஸ் என்ற பெயரில் வெளியிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் சாம்பல் படங்களுக்கும் வண்ணப் படங்களுக்குமான வடிவங்கள் சேர்ந்துவிட்டன. எண்ணாக எழுதும் வகையில் கருப்பு வெள்ளைக்கு பி1, சாம்பலுக்கு பி2, வண்ணத்துக்கு பி3. இதே மூன்றையும் எழுத்தாக விரிக்காமல் நேரடிப் பைட்டுகளாக அடுக்கினால் முறையே பி4, பி5, பி6. கருப்பு வெள்ளை வடிவத்துக்கும் வண்ண வடிவத்துக்கும் ஆங்கிலச் சுருக்கப் பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே பிபிஎம் ஆகிவிடும். ஆகவே எண்களைச் சொல்லியே போகிறேன்.

இந்தத் தொகுப்பின் பலம் படத்தைக் காட்டுவதில் இருக்கவில்லை, மாற்றுவதில் இருந்தது. அன்றைக்கு ஒவ்வொரு கணினி நிறுவனமும் ஒவ்வொரு படவடிவம் வைத்திருந்தது. 50 வடிவங்கள் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் மாற்ற 2,450 நிரல்கள் வேண்டும். நடுவில் பொதுவான ஒன்றை வைத்துக்கொண்டால் உள்ளே வர 50, வெளியே போக 50, ஆக 100 போதும். பேருந்து நிலையம் போலத்தான்: எல்லா ஊர்களுக்கும் நேர்வண்டி விட முடியாது, மாறிப் போகலாம். சுருக்குவது, திருப்புவது, வெட்டுவது போன்ற வேலைகளையும் நடுவில் நிற்கும் அந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் எழுதினால் போதும். யூனிக்ஸின் குழாய் முறையில் ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் ஊற்றிக்கொண்டே போகலாம்.

1992-இல் மைம் என்ற தரம் வந்தது. எந்தக் கோப்பையும் மின்னஞ்சலோடு இணைத்து அனுப்ப வழி பிறந்தது. பி1 எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை அத்துடன் முடிந்தது. பிபிஎம்பிளஸின் கடைசி வெளியீடும் அதற்கு முந்தைய ஆண்டு, 1991 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இங்கேயே இந்த வடிவம் மறைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அதே காலத்தில் பிறந்த பல வடிவங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை.

இது பிழைத்தது. 1993-இல் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த திருத்தங்களைச் சேர்த்து நெட்பிபிஎம் என்ற பெயரில் தொகுப்பு மீண்டும் வெளியானது. 2000-இல் பிரயன் ஹெண்டர்சனின் பராமரிப்பில் வடிவமே கொஞ்சம் வளர்ந்தது: நேரடிப் பைட் வகைகளில் ஒரு நிறத்துக்கு 255 வரை என்றிருந்த உச்சம் 65,535 ஆனது, ஒரே கோப்பில் பல படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம் என்றானது. பி7 என்ற பொதுவான வடிவமும் அப்போது சேர்ந்தது. அது பரவலாகப் புழங்கவில்லை. ஆகவே அதை விட்டுவிடுவோம்.

பிழைத்ததற்குக் காரணம், எழுதுவதற்கு லைப்ரரியே தேவையில்லை என்பது. ஒரு சி நிரலில் நான்கு வரி சேர்த்தால் படம் கோப்பாகிவிடும். பிஎன்ஜி எழுத வேண்டுமானால் சுருக்கும் முறை தெரிய வேண்டும், சரிபார்ப்பு எண் கணக்கிட வேண்டும், அல்லது வேறொருவர் எழுதியதை இணைக்க வேண்டும். ஆகவே வேறு பெரிய வேலையில் இருக்கிறவர்கள், படம் ஒன்றைத் துப்பிவிட்டு நகர வேண்டும் என்றால் பி6-ஐத்தான் கையில் எடுத்தார்கள். 1991-இல் வெளியான ஜேபெக் குழுவின் இலவச மென்பொருளில், ஜேபெக்கை விரிக்கும் நிரல் இயல்பாகத் தருவது இந்த வடிவத்தைத்தான். பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்கும் பிடிஎஃப்டுபிபிஎம் நிரல் பெயரிலேயே இதைச் சுமக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று 1992-க்கும் 1994-க்கும் இடையில் 40 பேரை ஆளுக்குப் பத்துப் படம் எடுத்துத் தொகுத்தது. முக அடையாளம் காணும் ஆய்வுகளில் பல தலைமுறை மாணவர்கள் பயன்படுத்திய அந்த 400 படங்களும் 92-க்கு 112 புள்ளி அளவிலான சாம்பல் கோப்புகள்தான். ஒளிக்கதிர் வரைகலை கற்பிக்கும் பீட்டர் ஷர்லியின் புகழ்பெற்ற நூலில் மாணவர் உருவாக்கும் முதல் படம் பி3.

எனக்கு மிகவும் பிடித்த இருப்பிடம் லினக்ஸ் கெர்னல். கணினி இயங்கத் தொடங்கும்போது திரையின் மூலையில் தெரியும் பென்குயின், கெர்னலின் மூல நிரலுக்குள் 80-க்கு 80 அளவில் ஒரு பி3 கோப்பாக இருக்கிறது. அதிகபட்சம் 224 நிறங்கள். கெர்னலைத் தொகுக்கும்போது ஒரு சிறு நிரல் அதைப் படித்து சி மொழி அட்டவணையாக மாற்றுகிறது. அந்தச் சிறு நிரல் எழுத்து வகையை மட்டுமே ஏற்கும். பி6 கொடுத்தால் மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடும். கெர்னலுக்கான திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சலில், வெறும் எழுத்தாகத்தான் பரிமாறப்படுகின்றன. போஸ்கான்சர் யோசித்த அதே சூழல் அங்கே அப்படியே உயிரோடிருக்கிறது.

இனி லைப்ரரிகளின் பக்கம் வருவோம். எழுதுவது எளிது என்றால் படிப்பதும் எளிது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? "அரை நாள் வேலை" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். தான் எழுதிய கோப்பைத் தானே படித்துப் பார்க்கும்வரை அது உண்மையும்கூட. பிறர் எழுதிய கோப்பு உள்ளே நுழையும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் குறிப்பு வரி. தலைப்பகுதியில் # குறியில் தொடங்கும் வரியைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது விதி. பல புது நிரல்கள் இதை மறந்துவிடும். ஜிம்ப் மென்பொருளோ ஒவ்வொரு கோப்பிலும் இரண்டாவது வரியில் தன் பெயரைக் குறிப்பாகப் போட்டுத்தான் சேமிக்கும். அகலம் என்று எதிர்பார்த்த இடத்தில் ஆங்கிலச் சொல் வந்து நிற்கும்.

அடுத்தது உச்ச மதிப்பு: சாம்பல், வண்ணக் கோப்புகளின் தலைப்பகுதியில் அகலம், உயரத்துக்குப் பிறகு வரும் எண். பெரும்பாலான கோப்புகளில் அது 255. ஆனால் 15 என்றும் இருக்கலாம், 1,000 என்றும் இருக்கலாம். உச்சம் 15 என்ற கோப்பில் முழு வெள்ளைக்குரிய எண்ணே 15-தான். அதை 255-க்கு விகிதப்படுத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டால் படம் ஏறக்குறைய முழுக் கருப்பு. உச்சம் 255-ஐத் தாண்டினால் பைட் வகைகளில் ஓர் எண்ணுக்கு இரண்டு பைட்டுகள், பெரிய பகுதி முன்னால். இன்றைய மேசைக் கணினிகளின் உள்வரிசைக்கு இது நேர் எதிர். திருப்பாமல் படித்தால் படம் இரைச்சலாகிவிடும்.

மிக நுணுக்கமான பொறி பி6-இன் தலைப்பகுதி முடியும் இடத்தில் இருக்கிறது. உச்ச மதிப்புக்குப் பிறகு ஒரே ஒரு இடைவெளிக் குறி. அடுத்த பைட்டிலிருந்து படம். ஒன்று என்றால் ஒன்றுதான். ஆனால் இடைவெளி எல்லாவற்றையும் தாண்டிப் போவதுதான் நிரலாளர்களின் பழக்கம். வரிமுறிவின் எண் 10, வெற்றிடத்தின் எண் 32. இரவில் எடுத்த இருண்ட படத்தின் முதல் பைட் 10 ஆக இருந்தால், அதையும் இடைவெளி என்று எண்ணி நிரல் விழுங்கிவிடும். அதன்பின் எல்லா நிறமும் ஓரிடம் நகரும்: பச்சை சிவப்பாகும், நீலம் பச்சையாகும். பகல் படங்கள் சரியாக வரும், இரவுப் படங்களில் சில மட்டும் நிறம் மாறும். இந்தப் பிழையைத் தேடுகிறவர் முதலில் கேமராவைத்தான் சந்தேகிப்பார்.

விண்டோஸில் இன்னொரு கூத்து. கோப்பை எழுத்துமுறையில் திறந்துவிட்டால், எழுதும்போது ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13 தானாக நுழையும். படிக்கும்போது 26 என்ற பைட் வந்ததும் கோப்பு முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். தலைப்பகுதி எழுத்து, உடல் பைட் என்ற இந்தக் கலப்புப் பிறவிக்கு அது நேர்ந்தே தீரும்.

பிறகு அளவு. அகலம் 65,536, உயரம் 65,536 என்று ஒருவர் தலைப்பகுதியில் எழுதி அனுப்புகிறார். பெருக்கினால் 4,294,967,296. 32 பிட் எண்ணில் இது அடங்காது, உருண்டு பூஜ்ஜியமாகிவிடும். பூஜ்ஜியம் பைட் நினைவகம் ஒதுக்கிவிட்டு அதில் கோடிக்கணக்கான புள்ளிகளை எழுதப் புறப்படும் நிரல், தாக்குபவருக்குக் கதவைத் திறந்து வைத்த வீடு. எளிய வடிவம்தானே என்று இந்தச் சோதனையை விட்டுவிட்ட நிரல்கள் பல. பில்லோ எல்லா வடிவங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 8.9 கோடிப் புள்ளிகள் என்று ஓர் எச்சரிக்கை எல்லை வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் பி6-ஐப் படிப்பது பி3-ஐப் படிப்பதைவிட எளிது. பி6-இல் தலைப்பகுதியைத் தாண்டிவிட்டால் மீதியை மொத்தமாக அள்ளி நினைவகத்தில் போட்டுவிடலாம். பி3-இல் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். மூத்தவை ஏன் வெளியே நின்றன என்பதற்கு விடை இதுதான். ஷான் பாரெட்டின் எஸ்டிபி இமேஜ் என்ற சிறிய சி லைப்ரரியை விளையாட்டு எழுதுகிறவர்கள் பலரும் எடுத்தாள்கிறார்கள். அது இன்றும் பைட் வகைச் சாம்பலையும் வண்ணத்தையும் மட்டுமே ஏற்கிறது. டிகே என்ற சாளர லைப்ரரியிலும் பைட் வகைக்கு மட்டும்தான் இடம். பிஎன்ஜி அங்கே வந்தது 2012-இன் 8.6 பதிப்பில், அதுவரை கூடுதல் நீட்சி இல்லாமல் வண்ணப் படம் காட்ட ஜிஃப் அல்லது பி6 என்ற இரண்டே வழி.

பைத்தானின் கதையும் இப்படித்தான். ஃபிரெட்ரிக் லுண்ட் எழுதிய பைத்தான் இமேஜிங் லைப்ரரியில் இந்த வடிவத்துக்கான நிரல்கோப்பு இன்றும் தலையில் தன் பிறந்த தேதியைச் சுமக்கிறது: 1996 மார்ச் 24. அந்த லைப்ரரிக்கு இது விருந்தாளியாக இருக்கவில்லை, வேலையாளாக இருந்தது. யூனிக்ஸில் ஒரு படத்தைக் காட்டு என்றால் அது தற்காலிகமாக ஒரு பி6 கோப்பை எழுதி, எக்ஸ்வி என்ற நிரலிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லும். 2009-க்குப் பிறகு புதிய பதிப்பு வராமல் போகவே 2010-இல் அலெக்ஸ் கிளார்க் அதைக் கிளைபிரித்துப் பில்லோ என்று பெயரிட்டார். மூல ஆசிரியர் லுண்ட் 2021 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில்தான் எழுத்து வகைகள் உள்ளே வந்தன.

அந்தத் திருத்தத்தின் நிரலைப் படித்துப் பார்த்தால் 'எளிய' என்ற அடைமொழியின் விலை தெரிகிறது. பெரிய கோப்பை முழுதாக விழுங்காமல் துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். ஒரு துண்டு 25 என்று முடிந்து அடுத்தது 5 என்று தொடங்கினால் அது இரண்டு எண்களா, 255 என்ற ஓர் எண்ணா? தெரியாது. ஆகவே துண்டின் கடைசியில் இடைவெளி இல்லாவிட்டால், அரைகுறைச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த துண்டின் தலையில் ஒட்ட வேண்டும். குறிப்பு வரியும் இப்படி இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வெட்டுப்படலாம். அதற்கும் தனி ஏற்பாடு. பி1-இல் எண்களுக்கு நடுவில் இடைவெளியே வேண்டியதில்லை. 10001 என்று சேர்த்து எழுதினாலும் ஐந்து புள்ளிகள்தான். பி2-இல் அதே 10001 ஓர் எண். ஆகவே பி1-க்குத் தனி வழி. போதாக்குறைக்கு பி1-இல் 1 என்றால் கருப்பு. லைப்ரரிக்குள் 1 என்றால் வெள்ளை. திருப்பிப் போட வேண்டும். உச்சத்தை மீறிய எண் வந்தால் பிழை சொல்ல வேண்டும், எண்ணே இல்லாத எழுத்து வந்தாலும் பிழை சொல்ல வேண்டும். இவ்வளவையும் சோதிக்கச் சிறு சிறு பரிசோதனைகள். ஒரு மாலையில் முடிகிற வேலை இல்லை இது.

அதன் பிறகு பில்லோவின் கதவு இன்னும் தாராளமாகத் திறந்தது. 2021-இல் டொமினிக் ஷப்லெவ்ஸ்கி அறிவித்த கியூஓஐ என்ற எளிய சுருக்க வடிவத்தைப் படிக்க 9.5.0 பதிப்பில் வழி வந்தது. தசம எண்களால் ஒளியைக் குறிக்கும் பிஎஃப்எம் என்ற உறவுக்கார வடிவத்தின் சாம்பல் வகை 10.3.0-இல் சேர்ந்தது.

பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. பழைய தமிழ் நூல்களை வருடி, எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுக்கும் வேலையில் பலர் இருக்கிறார்கள். பிடிஎஃப்பிலிருந்து பக்கங்களைப் பிரிக்கும்போது கையில் கிடைப்பது பல சமயம் பி6-ஆக இருக்கும். ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் எடுத்தால் 2,480-க்கு 3,508 புள்ளிகள், வண்ணத்தில் 2.6 கோடி பைட்டுகள். சாம்பலாக்கினால் 87 லட்சம். பி4 ஆக்கினால் பதினொரு லட்சத்துக்கும் குறைவு. 200 பக்க நூலை பி6-இல் சேமித்தால் 5 ஜிபிக்கு மேல் போய்விடும். வேலை நடக்கும்போது இடைக்கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் போடுவது பிஎன்ஜியாகவோ டிஃப்பாகவோ இருக்கட்டும்.

லைப்ரரி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு வகைகளையும் படிக்க நேரமில்லை என்றால் தவறில்லை. ஆனால் எந்த வகைகள் தெரியும் என்பதை ஆவணத்தில் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாத வகை வந்தால் தோராயமாகப் படித்துக் கோணல் படம் ஒன்றைத் தர வேண்டாம். தெளிவான பிழைச் செய்தியோடு நிறுத்துங்கள். வெளியிடுவதற்கு முன் ஜிம்பில் சேமித்த ஒரு கோப்பு, உச்சம் 15 உள்ள ஒன்று, உச்சம் 65,535 உள்ள ஒன்று, முதல் பைட் 10 ஆக உள்ள ஒரு பி6, இடைவெளியே இல்லாத ஒரு பி1 ஆகிய ஐந்தையும் திறந்து பாருங்கள்.